உங்கள் கம்பெனியில் ஒரு பெண்கள் கால்பந்து அணி: கொங்கு நாட்டு முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், கோவை, ஈரோடு, பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் பனியன் கம்பெனியும் நூற்பாலையும் பம்பு கம்பெனியும் நடத்தும் முதலாளிமார்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் சிங்கர் டெய்லர், பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் வேலை. என் மகளுக்கு 19 வயது. கால்பந்தில் ஃபார்வேர்டு, கோல் அடிக்கும் இடத்தில் ஆடுகிறவள். போன சீசனில் வெளிமாநில கிளப் ஒன்று இரண்டாம் நிலை லீக்குக்காக அவளை ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டது. மூன்று மாதம் ஆடினாள், சம்பளம் வந்தது, ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்கு வந்துவிட்டாள். அடி எதுவும் படவில்லை, ஆட்டமும் குறையவில்லை. அடுத்த சீசன் எந்த கிளப், எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. "அதுவரைக்கும் புள்ள என்னங்க பண்ணும்?" என்று ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

கொங்கு நாட்டில் ஒரு கம்பெனியாவது, இல்லை நாலைந்து கம்பெனிகள் சேர்ந்தாவது, ஒரு பெண்கள் கால்பந்து அணியை வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து நடத்த வேண்டும். கோப்பை கொடுங்கள், சால்வை போடுங்கள், பனியன் அடித்துக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அதெல்லாம் நீங்கள் இப்போதே நிறையச் செய்கிறீர்கள். நான் கேட்பது வேலை.

2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய ஆண்கள் கிளப் லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு ஆடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து அங்கேயே சாம்பியன் ஆனார்கள். அந்த சீசனில் அவர்களுடைய ஃபார்வேர்டு பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். என் மகள் அப்போது சின்னப் பொடுசு. பஸ் ஏறி அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனேன். நாங்கள் எல்லோரும் பந்தைப் பார்த்தோம், அவள் மான்சியைப் பார்த்தாள். பந்து இன்னொரு பக்கம் இருக்கும்போது அந்த மனுஷன் எங்கே நிற்கிறார், எந்த டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த அணி சில வருடங்களில் லீக்கில் இல்லாமல் போனது. அதைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

ஃபார்வேர்டு என்றால் முன்னால் நின்று உதைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மகள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று புரிந்தது. எதிரணியின் கடைசி டிஃபெண்டரோடு தோளோடு தோளாக நிற்க வேண்டும். பாஸ் கொடுப்பவளின் காலிலிருந்து பந்து கிளம்பும்போது ஒரு அடி முன்னே போயிருந்தாலும் ஆஃப்சைடு என்று ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் அவள் நேராக ஓடமாட்டாள். டிஃபெண்டர் வரிசையை ஒட்டியே பக்கவாட்டில் வளைந்து ஓடி, பந்து கிளம்பியதும் சட்டென்று உள்ளே திரும்புவாள். ஓட்டம் பத்தில் ஒன்பது முறை வீணாகத்தான் போகும், பந்தே வராது. பத்தாவது முறையும் அதே வேகத்தில் ஓட வேண்டும். அப்புறம் 7.32 மீட்டர் அகலக் கோலில், கீப்பர் பாய்ந்து வரும்போது, மிச்சமிருக்கும் சந்து எது என்று பார்த்துத் தட்டிவிட வேண்டும்.

அவள் இடது காலில் அடிப்பவள். இடது ஷூவின் உள்பக்கம், மேல்தோல் அடியோடு சேரும் இடத்தில்தான் எப்போதும் முதலில் தையல் விடும். எங்கள் மிஷினில் அந்தத் தோலைத் தைக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்து மெழுகு நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்வேன். உள்பக்கம் விட்டிருந்தால் அந்த மாதம் பாஸிங்தான் நிறையப் பண்ணியிருக்கிறாள், மேலே கயிறு கட்டும் இடத்தில் தோல் தேய்ந்திருந்தால் கோல் அடித்துப் பழகியிருக்கிறாள் என்று ஷூவைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். லீக் முடிந்து அவள் ஊருக்கு வந்த பிறகு ஷூ அவ்வளவாகத் தேயவே இல்லை. இங்கே அவளோடு ஆட ஒரு அணி வேண்டுமே.

இந்த வேலைக்கு ஒரு வயது இருக்கிறது. பஞ்சாப் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்த மனீஷா கல்யாணைப் பாருங்கள். 2021 நவம்பரில் பிரேசிலில், பிரேசில் அணிக்கு எதிராகவே இந்தியாவுக்காகக் கோல் அடித்தார். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. அடுத்த வருடம் சைப்ரஸ் நாட்டு அப்பல்லோன் கிளப்புக்குப் போய், ஐரோப்பாவின் மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். வீட்டிலிருந்து நேராகவா போனார்? கேரளத்தின் கோகுலம் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். கோகுலத்தை நடத்துவது ஒரு சீட்டு நிதிக் கம்பெனிக் குழுமம். பெண்களுக்கான தேசிய கிளப் லீக்கான இந்தியன் விமன்ஸ் லீக்கை மூன்று முறை ஜெயித்த அணி அது. நம் தமிழ்நாட்டிலேயே மதுரை சேது எஃப்.சி. 2019-ல் அந்த லீக்கை ஜெயித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் சாம்பியன் பட்டம் வாங்கினார்கள். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். வேலை என்ற ஒன்று கையில் இருந்ததால்தானே அவரால் இத்தனை வருடம் நிம்மதியாக ஆட முடிந்தது! 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்துக்கே போய் அவர்களை 2-1 என்று ஜெயித்து, தகுதிச் சுற்று வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். அந்த இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர்.

இந்த வரிசையில் கடலூர் இருக்கிறது, மதுரை இருக்கிறது. தொழிலுக்குப் பேர்போன கொங்கு நாடு எங்கேங்க?

திறமை இல்லாமல் போகவில்லை. பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எல்லாம் ஓடுகிறது. பி.டி. டீச்சர் இருக்கிறார், முதலமைச்சர் கோப்பை இருக்கிறது, விளையாட்டு விடுதி இருக்கிறது. 18 முடிந்ததும் காலடியில் தரை இல்லாமல் போகிறது. 2023-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு நல்ல முடிவு எடுத்தது. விமன்ஸ் லீக்கின் முதல் நிலை கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருடம் 3.2 லட்சத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. எட்டு கிளப் என்றால் நாடு முழுக்க 80 பேர். அந்த 80-க்குள் வருவதற்கு முன்னால் ஒரு பெண் மூன்று நாலு வருடம் தினமும் ஆடிப் பழக வேண்டுமே, அந்த வருடங்களுக்குச் சோறு யார் போடுவது?

என் மகளோடு பள்ளியில் ஆடிய கோல் கீப்பர் இப்போது பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கிறாள். நல்ல உயரம், பயமே தெரியாத பிள்ளை. நடுவில் ஆடிய இன்னொரு பெண்ணுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்குப் பணம் புரட்டுவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது, அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டது. செக்கிங் வேலை குறைந்த வேலை என்று நான் சொல்லமாட்டேன், என் வீட்டு அடுப்பு எரிவதும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான். ஆனால் அந்த வேலை 30 வயதிலும் கிடைக்கும். 20 வயதில் ஓடும் ஓட்டத்தை 30-ல் ஓட முடியாது.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். ஒரு பெண்கள் அணிக்கு என்னென்ன வேண்டும்? தங்க இடம், நேரத்துக்குச் சாப்பாடு, போய்வர வண்டி, பாதுகாப்பு, காலியான நிலம். இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற இடம் இந்தியாவில் எத்தனை இருக்கும்? நம் மில்களில் நூற்றுக்கணக்கில் பெண்கள் தங்கும் விடுதிகள் உண்டு. மெஸ் உண்டு, வார்டன் உண்டு, நர்ஸ் உண்டு, விடியற்காலை ஷிப்டுக்கு ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றும் பஸ் உண்டு. கணபதி முதல் காங்கேயம் வரை காம்பவுண்டுக்குள் சும்மா கிடக்கும் இடமும் உண்டு. முழு மைதானத்துக்கு 105-க்கு 68 மீட்டர் வேண்டும், தினப் பயிற்சிக்கு அதில் பாதி போதும்.

விளையாட்டுக்குச் செலவு செய்வது உங்களுக்குப் புதிதும் இல்லை. கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்று அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் தலைமுறை தாண்டி நடக்கின்றன. தொழில் குடும்பங்கள் கைவைத்ததால்தான் கூடைப்பந்து இந்த ஊரில் வேர் பிடித்தது. ஜப்பானில் 1989-ல் பெண்கள் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் ஆடியதில் பல அணிகள் கம்பெனி அணிகள். ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ஆடிய பெண்கள் வளர்த்த ஆட்டம் அது. 2011-ல் ஜப்பான் அமெரிக்காவை ஜெயித்து உலகக் கோப்பையே வாங்கியது.

கணக்கைச் சொல்கிறேன். 20 பெண்கள், ஆளுக்கு மாதம் 18,000 என்று வைத்தால் வருடத்துக்கு 43 லட்சத்து 20 ஆயிரம். கோச், பயணம், சாப்பாடு தனி. சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன். ஆர்டர் குறைந்த வருடங்களில் நீங்கள் பட்ட பாட்டை ஷிப்ட் குறைந்த டெய்லராக நானும் பட்டிருக்கிறேன். அதனால்தான் நாலைந்து பேர் சேர்ந்து செய்யுங்கள் என்கிறேன். பாதி நாள் பயிற்சி, பாதி நாள் சாம்பிள் பிரிவிலோ ஆபீஸிலோ வேலை கொடுங்கள். லீக் நடக்கும் மாதங்களில் மட்டும் முழுக்க விட்டுவிடுங்கள். உலகக் கோப்பை வந்தால் எந்தெந்த நாட்டுக்கோ ஜெர்சி தைக்கிற ஊர் இது. போட்டு ஆடிப் பார்த்து, கக்கத்தில் இறுக்குகிறது, நனைந்தால் ஒட்டுகிறது என்று சொல்ல 20 பேர் கம்பெனிக்குள்ளேயே இருப்பது தொழிலுக்கும் நல்லதுதான்.

கம்பெனி ஆளாக ரோலில் எடுப்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சம்பளம் 21,000-க்குள் இருக்கும்வரை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. ஜவ்வு கிழிந்தால் திரும்ப ஆட ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். பெண்களுக்கு அந்த அடி ஆண்களைவிட அதிகமாகப் படுகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஃபிஃபா 11 பிளஸ் என்று 20 நிமிட வார்ம்-அப் முறை இருக்கிறது, அதை ஒழுங்காகச் செய்தாலே அடி குறைகிறது. அதைத் தெரிந்த கோச் வேண்டும், முடிந்தால் பெண் கோச். பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு வரும். மூன்று மாத ஒப்பந்தத்தில் இதில் எதைக் கேட்க முடியும்?

சி.எஸ்.ஆர். என்ற கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றியும் ஒரு வார்த்தை. வருட லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகாரம் உள்ள விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்கு அதைக் கொடுக்கலாம் என்று கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. சொந்தத் தொழிலாளிகளுக்கான செலவை அதில் காட்ட முடியாது, அதனால் அணியின் சம்பளம் வேறு கணக்கில்தான் போக வேண்டும். ஆனால் சுற்று வட்டாரப் பள்ளிப் பெண்களுக்கு மைதானம், கோச், பந்து என்று கொடுப்பது தாராளமாக அதில் வரும். 12 வயதில் நாலாம் நம்பர் பந்தில் பழகும் பிள்ளைகள் அங்கே இருந்தால்தான் ஆறு வருடம் கழித்து உங்கள் அணிக்கு ஆள் கிடைக்கும்.

மில் விடுதி என்றதும் சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற திட்டங்களில் பெண்கள் பட்ட கஷ்டம் நம் எல்லோருக்கும் தெரியும். இந்த அணி அப்படி இருக்கக் கூடாது. சம்பளம் மாதாமாதம் அந்தப் பெண்ணின் பேங்க் கணக்கிலேயே ஏற வேண்டும். போன் அவள் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போக நினைத்தால் போகலாம், பெரிய கிளப் கூப்பிட்டால் தடுக்காமல் அனுப்ப வேண்டும். மனீஷாவைக் கோகுலம் சைப்ரஸுக்கு அனுப்பியதால் கோகுலத்தின் பெயர் கூடியதே தவிரக் குறையவில்லை.

"பொண்ணு ஃபுட்பால் ஆடி என்னங்க ஆகப்போகுது, காலாகாலத்துல ஒரு இடம் பாருங்க" என்று என் பெரியப்பா வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவளை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். "எந்தக் கம்பெனியில வேலை, என்ன சம்பளம்?" என்ற கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பேச்சு பாதி அடங்கிவிடும். நம் ஊரில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கிடைக்கிற மரியாதையை ஊருக்குள்ளேயே பார்க்கிறேன்.

அணி எடுப்பதாக முடிவு செய்தால் தேர்வை ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அன்றுதான் கம்பெனிகளுக்கு லீவு. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருக்கிற பெண்களும் வரட்டும். கால்பந்தை விட்டு ஒரு வருடம் இரண்டு வருடம் ஆனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் பயிற்சி கொடுத்த பிறகு முடிவு சொல்லுங்கள். என் மகளுக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை, அவளும் வரிசையில் நின்று ஆடிக் காட்டட்டும். அந்தக் கோல் கீப்பர் பெண்ணிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், அவள் பழைய கையுறையைத் தேடி எடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
திருப்பூர் சிங்கர் டெய்லர் ஒருவர்