தோட்டத்துக்கு லைன் வந்துவிட்டது

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புத் தோழிக்கு,

நலம். மழை பெய்தால் முட்டி வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. உனக்குப் பேத்தி பிறந்த செய்தி கேட்டு மனம் நிறைந்தது.

இங்கே தோட்டத்தில் இப்போது இணையம் நன்றாகவே கிடைக்கிறது. முன்பு போனுக்கு லைன் வேண்டுமென்றால் செம்பனை மேட்டுக்கு ஏற வேண்டும். இப்போது லயத்து வீட்டு வாசலிலேயே வீடியோ ஓடுகிறது. அதனால் பிள்ளைகளின் சாப்பாடு மாறிப்போன விதத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பக்கத்து வீட்டு மருமகளுக்கு இது தலைச்சன் பிள்ளை. தாய்வீடு தூரம். ஆறு மாதம் முடிந்ததும் என்ன ஊட்டுவது என்று கைப்பேசியில்தான் பார்த்தாள். நெத்திலியைத் தலை கிள்ளி, உப்புப் போகக் கழுவி, வறுத்துப் பொடித்து, முருங்கைக்கீரையோடு கஞ்சியில் கலந்து கொடுக்கிறாள். குழந்தை சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறது. பார்க்கவே சந்தோஷம்.

அதே கைப்பேசிதான் சளிக்குத் தேன் தடவச் சொல்லியிருக்கிறது! ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி குடலில் வளர்ந்து நஞ்சைக் கக்கி, தசையையே முடக்கிவிடும். நல்லவேளை, தடவும் முன் என்னிடம் கேட்டாள்.

எதிர்வீட்டு மூன்று வயதுக்காரனைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. கண் திரையிலேயே இருக்கும். வாய் திறக்கும், சோறு போகும், மூடும். என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. போனை எடுத்தால் வாயிலிருப்பதைத் துப்புகிறான். நடுவில் விளம்பரம் வந்தால் இனிப்புத் தண்ணீர் கேட்டு அழுகை. தாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலை விட்டு வந்து சமைத்துத் துவைப்பவளுக்கு வேறு யார் துணை?

நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2019 சுகாதார ஆய்வில் 21.8 விழுக்காடு, 2022-இல் 21.2. இடையில் 2020-இல் நாடெங்கும் இணையம் கொண்டுபோகும் ஜென்டெலா என்ற அரசுத் திட்டம் தொடங்கி இணையம் பரவிய காலம் அது. லைன் வந்துவிட்டால் சட்டியில் மீன் விழுந்துவிடுமா? சம்பளமும் மீன் விலையும்தான் முதலில்.

ஆனாலும் நம்மால் ஆனது ஒன்று உண்டு. நீ தாதியாக இருந்தவள். பாலர் பள்ளித் தாய்மார்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மலாயில் நீளமாக வருவதை அவர்கள் படிப்பதில்லை. தமிழில் குரல் வந்தால் உடனே கேட்கிறார்கள். ஒரு வயதுக்குள் டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால் வேண்டாம், சாப்பிடும்போது போன் வேண்டாம் என்று சின்னச் சின்னதாகப் பேசி அனுப்பேன். முதலில் தேனைப் பற்றிச் சொல். அதை இந்த வாரமே அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் தோழி