அட்லாண்டாவிலிருந்து அப்பாவுக்கு

லித்தியா ஸ்பிரிங்ஸ், ஜார்ஜியா
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அண்ணன், மதினி, குட்டி எல்லாரும் நலம்தானே? மேலவீட்டு மாமா மகன் கொண்டுவந்த பையில், பருப்புப்பொடிக்கு அடியில் உங்கள் கடிதம் இருந்தது. நாலு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, அம்மாதான் ஒவ்வொன்றாகக் கத்திச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் எழுதாமல் இருந்தது தப்பு. "உன் கையெழுத்தைப் பார்த்து நாளாச்சு" என்ற வரியைப் படித்ததும் ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன்.

வேலை நன்றாகப் போகிறது. இப்போது கொஞ்சம் குறைவு, அதனால் ஓய்வு கிடைக்கிறது. வீடு மாறியிருக்கிறேன். முந்தையதைவிடச் சின்னது, ஒரு ஆளுக்கு அது போதும். காரைக் கொடுத்துவிட்டேன், நடப்பது உடம்புக்கும் நல்லது. குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மா கொடுத்த ஸ்வெட்டர் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கீழ்வீட்டில் எண்பது தாண்டிய கிழவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமையானால் வாசலில் பெரிய அண்டாவை வைத்து, பச்சை நிலக்கடலையைத் தோலோடு உப்புப் போட்டு மணிக்கணக்கில் அவிப்பார். ஒரு பையில் கட்டி என் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவார். இந்த ஊர்ப்பக்கம் ரோட்டோரத்திலேயே அவித்த கடலை விற்கிறார்கள். முதல் தடவை வாயில் போட்டதும் அம்பாசமுத்திரம் சந்தை ஞாபகம்தான் வந்தது. என் அப்பா பஞ்சுமில்லில் வேலை பார்த்தவர் என்று அவரிடம் ஒருநாள் சொன்னேன். "நாளைக்குக் காலையில் எட்டு மணிக்குத் தயாராக இரு" என்றார்.

ஸ்வீட்வாட்டர் கிரீக் என்ற ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அரசாங்கப் பூங்கா. மரங்களுக்கு நடுவில் அரை மைல் நடந்தால், ஆற்றை ஒட்டி ஐந்து மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று கூரையில்லாமல் சுவராக நிற்கிறது. அதுதான் நியூ மான்செஸ்டர் மில். 1849 டிசம்பர் கடைசி நாளில் ஓட ஆரம்பித்ததாம். அந்தக் காலத்தில் அட்லாண்டாவிலேயே அவ்வளவு உயரக் கட்டடம் கிடையாது. அடிமைகளாக வைத்திருந்த கறுப்பு மக்களின் உழைப்பு அந்தச் சுவரில் இருக்கிறது. கிழவர் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிட்டார்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மேலே ஆற்றை மறித்து, கரையோரமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். அந்த வாய்க்கால் இன்னும் தெரிகிறது, அதன் ஓரமாகத்தான் நாங்கள் நடந்தோம். அந்தத் தண்ணீர் விழுந்து பெரிய சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் ஷாப்டைச் சுற்ற, ஷாப்டிலிருந்து பெல்ட் போட்டு மாடிக்கு மாடி மெஷின் ஓடியிருக்கிறது. கரண்டும் இல்லை, கரியும் இல்லை. அருவித் தண்ணீரின் வேகத்தைப் பார்த்துத்தான் ஹார்வி துரைமார் பாபநாசத்தில் மில் வைத்தார்கள் என்று தாத்தா சொல்வாரே, அதே கணக்கு. ஆற்றில் பாறைகள்கூட நம் பாபநாசம் மாதிரியே கிடக்கின்றன. மீனுக்குப் பொரி போட ஆள்தான் இல்லை.

உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்கு இங்கேதான் துணி நெய்தார்கள். 1864 ஜூலையில் வடக்குப் படை வந்து மில்லைக் கொளுத்திவிட்டது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் வேலையில் இருந்தது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். துணி நெய்ததே துரோகம் என்று அவர்களைப் பிடித்து, மேரியட்டா வரை கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் ஏற்றி வடக்கே கென்டக்கி பக்கம் அனுப்பிவிட்டார்கள். பல பேர் திரும்பி வரவே இல்லை. மில்லோடு ஊரும் போய்விட்டது.

அப்பா, அந்தச் சுவர்ப் பக்கம் நின்றபோது தண்ணீர் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை. எனக்கு நம் மில் சங்கு கேட்டது. சங்கு ஊதியதும் அம்மா காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பதும், தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்ட நீங்கள் சைக்கிளைச் சாத்துவதும், நான் ஓடிவந்து ஒவ்வொன்றாக எடுப்பதும் அப்படியே கண்முன் வந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கிழவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடலைப் பையை நீட்டினார். இந்த இடத்தை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

சரி, வீட்டு விஷயம். சீட்டுப் பணத்தில் பாதிதான் இந்த மாதம் அனுப்புகிறேன், மீதி தை பிறந்ததும் வரும். பெரியப்பாவிடம் கேட்காதீர்கள். காது மெஷினைத் தள்ளிப்போட வேண்டாம், அதற்கென்று தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். தென்காசி மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுக்கும் முன்னால் கல்லிடைக்குறிச்சி அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவளுக்கு அந்தக் குடும்பம் தெரியும். தங்கச்சி பி.எட். முடிக்கட்டும், நாள் குறிப்பது அப்புறம். ஐப்பசி மழையில் பின்கட்டு ஒழுகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஏணியில் ஏறக் கூடாது. அண்ணன் வரும்வரை அண்டாவை வைத்துச் சமாளியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்

பி.கு: நம் மில்லுக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து திருப்பினார்கள், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று கிழவர் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பென்சிலில் ஒரு படம் போட்டு அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள்.