ஷூமானைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் இசை நடத்துநர்களுக்கும் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் சிம்பொனிகளை (ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய நீண்ட படைப்புகளை) மாற்றி வாசிக்கிறீர்கள் என்றால், மாற்றியது யார் என்பதை நிகழ்ச்சித் தாளில் அச்சிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஷூமானுக்கு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத வராது என்ற பேச்சு நூறு வருஷத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே மெட்டை வயலினுக்கும் ஓபோ, கிளாரினெட் போன்ற குழல் வாத்தியங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார், அதனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கேட்கிறது என்பார்கள். இசையமைப்பாளரும் நடத்துநருமான குஸ்தாவ் மாலர், ஷூமானின் நான்கு சிம்பொனிகளின் ஸ்கோர்களிலும் (இசைக்குறிப்புத் தாள்களிலும்) கை வைத்து, இப்படி இரட்டித்த இடங்களைக் களையெடுத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடத்துநர் ஜார்ஜ் ஸெல் தன் பங்குக்குத் திருத்தினார். பெயர் வெளியே தெரியாமல் பென்சிலால் திருத்துகிறவர்களும் உண்டு.

சரி, குற்றம் ஷூமானுடையதுதானா? முதல் சிம்பொனி 1841 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் லைப்ஸிக்கில் இசையமைப்பாளர் மெண்டல்சோன் நடத்த அரங்கேறியது. அந்தக் கால லைப்ஸிக் ஆர்கெஸ்ட்ராவில் மொத்தமே சுமார் 50 பேர். இன்று உங்கள் மேடையில் தந்தி வாத்தியக்காரர்கள் மட்டுமே 60 பேர் வரை உட்காருகிறார்கள். ஓபோ மட்டும் அன்றும் இரண்டு, இன்றும் இரண்டு. எட்டு ஒன்பது வயலின்களோடு ஓபோ சேர்ந்தால் புதிதாக ஒரு நிறம் பிறக்கும். பதினாறு வயலின்களோடு சேர்ந்தால் ஓபோ இருந்த இடமே தெரியாது. நாற்காலிகளைக் கூட்டியது நீங்கள், பழி மட்டும் அவருக்கு! நடத்துநர்கள் ரோஜர் நாரிங்டனும் ஜான் எலியட் கார்டினரும் அந்தக் கால வாத்தியங்களோடு, சிறிய குழுக்களோடு செய்த பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஸ்கோரை மாற்றாமலே சாம்பல் நிறம் விலகிவிடுகிறது. அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன் நாலு நாற்காலியை எடுத்துப் பாருங்கள்.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் சிம்பொனியின் தொடக்கத்தில் ஹார்னும் ட்ரம்பெட்டும் ஊதும் அழைப்பை ஷூமான் முதலில் இன்னும் தாழ்ந்த சுரத்தில்தான் எழுதினார். அந்தக் கால வால்வு (சுரம் மாற்றும் பொத்தான்) இல்லாத ஹார்னில் அந்தச் சில சுரங்கள் அடைத்துக்கொண்டு கேட்டதால் ஒத்திகைக்குப் பிறகு மேலே ஏற்றினார். மாலர் அதைப் பழையபடி கீழே இறக்கினார். இதைத் திருத்தம் என்பதா, மீட்பு என்பதா? பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலும் இப்படி ஓர் இடம். முதல் பகுதியில் ஹார்ன் முழங்கும் அழைப்பு திரும்ப வரும்போது சுருதி மாறியிருக்கும், அந்தக் கால ஹார்னுக்கு எட்டாது. அதனால் அது பஸூன் என்ற தாழ்ந்த குரல் குழல்களுக்குப் போய்விட்டது. இன்று பலர் அதை ஹார்னுக்கே கொடுக்கிறார்கள். எனக்குப் பஸூன்தான் பிடிக்கும், அதில் ஒரு கிண்டல் இருக்கிறது. அதற்காக ஹார்னோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

சொல்லாமல் செய்வதோடுதான் சண்டை. இசையமைப்பாளர் ப்ரூக்னர் இறந்த பிறகு அவருடைய ஒன்பதாம் சிம்பொனியை 1903-இல் வியன்னாவில் அரங்கேற்றிய நடத்துநர் ஃபெர்டினான்ட் லோவெ, வாத்திய அமைப்பை மட்டுமல்ல, சில இடங்களில் ஸ்வர அடுக்குகளையே மாற்றினார். அச்சான ஸ்கோரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1932-இல் ம்யூனிக்கில் நடத்துநர் ஹவுஸெக்கர் ப்ரூக்னர் எழுதியது, லோவெ மாற்றியது என இரண்டு வடிவங்களையும் வாசித்துக் காட்டும் வரை, கிட்டத்தட்ட 30 வருஷம், உலகம் லோவெயைக் கேட்டுக்கொண்டு ப்ரூக்னர் என்று நினைத்திருந்தது.

மாலரே இந்த விஷயத்தில் உங்களைவிட நேர்மையானவர். 1900-இல் வியன்னாவில் பேத்தோவனின் ஒன்பதாவதைத் தன் மாற்றங்களோடு நடத்தினார். கண்டனம் கிளம்பியது. அடுத்த முறை, ஏன் மாற்றினேன் என்று துண்டறிக்கை அச்சடித்து அரங்கத்திலேயே கொடுத்தார். தந்திப் பிரிவு பெருத்துவிட்டது, அதற்கு ஈடாகக் குழல்களையும் இரட்டிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதத்தில் ஒன்று. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுப்பதற்கு எதிரே ஒரு தாளாவது இருந்தது.

உங்களுக்குத் துண்டறிக்கைகூட வேண்டாம். நடத்துநர் ரிக்கார்டோ ஷாயி லைப்ஸிக் கெவாண்ட்ஹவுஸ் குழுவோடு ஷூமான் சிம்பொனிகளின் மாலர் வடிவத்தைப் பதிவு செய்தபோது மாலர் பெயரைச் சொல்லித்தான் வெளியிட்டார்கள். அப்படி ‘ஷூமான், சிம்பொனி எண் 2, மாலரின் வாத்திய அமைப்பு’ என்று ஒரு வரி போதும். திருத்தம் உங்களுடையது என்றால் உங்கள் பெயரைப் போடுங்கள். டிக்கெட் விற்பனைக்கு வரும்போதே அந்த வரி இருக்கட்டும், வருவதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஷூமான் ரசிகர்களில் ஒருவர்