விமானப் பிரிவுச் சேர்க்கை குறித்துத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இயங்கும் பள்ளிகளை நிர்வகிக்கும் உங்களுக்கு, அப்பிரிவில் சீருடை அணிந்து பயின்ற முன்னாள் மாணவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் நடைபெறும் சேர்க்கையின்போது யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்களுக்கும் பெற்றோருக்கும் என்ன சொல்லிச் சேர்க்கிறோம் என்பவற்றை நீங்கள் நேரடியாகக் கவனிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பல பள்ளிகளில் இச்சேர்க்கை ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகிறது. மாணவர்கள் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். உயரமானவர்கள் முதலில் பிரிக்கப்படுகிறார்கள். மீதி இடங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நிரப்பப்படுகின்றன. குடியரசு நாள் அணிவகுப்பில் வரிசை நேராகத் தெரிய வேண்டும் என்ற அக்கறை எனக்கும் புரிகிறது. ஆனால் விமானப் பிரிவின் பாடத்திட்டம் அணிவகுப்போடு நின்றுவிடுவதில்லை. விமானம் பறக்கும் விதம், அதன் பாகங்கள், வானிலை, மாதிரி விமானக் கட்டுமானம் ஆகியவையும் அதில் உள்ளன. உடற்தகுதியும் ஒழுங்கும் தேவைதான்; எனினும் மொட்டை மாடியில் நின்று கடந்துபோகும் விமானத்தை அது மறையும்வரை பார்க்கும் குள்ளமான மாணவன் இந்த முறையில் கேள்வியே இல்லாமல் ஒதுக்கப்படுகிறான். கண்ணாடி அணிந்த மாணவியும் அப்படியே. போர் விமானிக்குரிய பார்வைத் தகுதியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் தேடுவதில் பொருளில்லை. விமானப்படையிலேயே பறக்கும் பணி நீங்கலாகத் தொழில்நுட்பம், வானிலை, நிர்வாகம், கணக்கு எனப் பல கிளைகள் இருக்கின்றன.

பள்ளி அளவில் இப்பிரிவின் உயிர், மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடும் ஏரோமாடலிங்தான் என்பது என் உறுதியான கருத்து. எடை குறைந்த பால்சா மரத்தகட்டை அறுத்து, உப்புத்தாள் கொண்டு இறக்கையின் முன்விளிம்பை உருட்டித் தேய்த்து, வால் பகுதியைக் கோணம் பிசகாமல் ஒட்டி, கையால் எறியும், இயந்திரமில்லாத சிறு விமானமான கிளைடரை ஒரு மாணவி செய்து முடிக்கிறாள் என்று கொள்வோம். முதல் எறிதலிலேயே அது நன்றாகப் பறப்பது அரிது. மூக்கில் எடை கூடினால் நேரே தரையில் குத்தும். வாலில் எடை கூடினால் மூக்கை மேலே தூக்கி, வேகம் இழந்து, இறக்கையின் தூக்குவிசை அறுந்து தொப்பென விழும். மூக்கில் சிறிது களிமண்ணை ஒட்டி மீண்டும் எறிந்து, பிறகு அதில் கொஞ்சம் கிள்ளியெடுத்து மறுபடியும் எறிந்து, எடை மையத்தை அவள் தானே கண்டுபிடிக்கும்போது, இயற்பியல் புத்தகத்தின் ஒரு பாடம் முழுவதும் அவள் கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு மைதானத்தில் ஒரு மூலையும், பூட்டக்கூடிய ஓர் அலமாரியும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். அந்த அலமாரி எத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று கேட்பது சங்கடமான கேள்வி என்பதை அறிந்தே கேட்கிறேன்.

பெற்றோரிடம் பேசும்போது மிகைப்படுத்தல் வேண்டாம். 'சேர்ந்தால் விமானம் ஓட்டலாம்' என்ற ஆசைவார்த்தை இன்றும் சொல்லப்படுகிறது. மைக்ரோலைட் என்னும் எடை குறைந்த சிறு விமானத்தில் பயிற்றுநருடன் பறக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கல்லூரி அளவிலான மாணவர் படையினருக்குரியது. அதுவும் விமானமும் வானிலையும் கூடிவர வேண்டும். பள்ளியில் ஈராண்டுப் பயிற்சிக்குப் பின் எழுதுவது 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. கல்லூரியில் விமானப் பிரிவில் தொடர்ந்து 'சி' சான்றிதழ் பெறுவோர், விமானப்படையின் பறக்கும் கிளைக்கு எழுத்துத் தேர்வின்றி நேரடியாகத் தேர்வு வாரியத்தின் முன் செல்லும் சிறப்பு வழி இருக்கிறது. ஆனால் அந்த வாரியத்தையும் மருத்துவச் சோதனையையும் அவர்கள் கடந்தாக வேண்டும். பறக்கும் கிளைக்கு மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தலா 50 விழுக்காடு மதிப்பெண்ணும் கேட்கப்படுகிறது. இந்தச் செய்தியைப் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுத்த பின்னர் அறிந்து வருந்துவோரைப் பார்த்திருக்கிறேன். சேர்க்கை நாளிலேயே அதைச் சொல்லிவிடலாம்.

மறுபுறம், 'பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ' என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. 1948ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டப்படி, இதில் சேர்வதால் மாணவர்களுக்குப் படைப்பணி ஆற்ற வேண்டிய கடப்பாடு எதுவும் வருவதில்லை என்று தெளிவாகக் கூறுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் கேட்கப்படுவது பெரும்பாலும் முகாம் பற்றியே. ஆண்டு முகாம் பத்து நாள் அளவில் நடப்பது, தங்குமிடம், உடன் வரும் பெண் ஆசிரியர் ஆகிய விவரங்களைக் கேட்கும் முன்பே எழுத்தில் கொடுத்தால் பாதித் தயக்கம் நீங்கும்.

சேர்த்த பின் நேர்வதையும் சொல்ல வேண்டும். சான்றிதழ்த் தேர்வு எழுதப் பயிற்சி வகுப்புகளில் 75 விழுக்காடு வருகை தேவை. அந்த நேரத்தையே சிறப்பு வகுப்புக்கும், விழா மேடைக்கு நாற்காலி அடுக்கவும், விருந்தினர் வரும் வழியில் கூட்டத்தை ஒதுக்கவும் எடுத்துக்கொண்டால், மாணவருக்குக் கிடைப்பது சீருடை மட்டுமே. பொறுப்பேற்ற ஆசிரியரின் நிலையோ இன்னும் கடினம். தம் வழக்கமான பாடவேளைகளில் எதுவும் குறையாமல் இதையும் அவர் சுமக்கிறார். வாரத்தில் இரண்டு பாடவேளைகளையேனும் அவருக்குக் குறைத்துக் கொடுப்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதே.

நாடெங்கும் மாணவர் படையில் மேலும் மூன்று லட்சம் இடங்களைச் சேர்க்க 2024இல் ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது. ஆகவே புதிய பள்ளிகளும் விமானப் பிரிவு கேட்டு வரக்கூடும். அதற்கு முன், வரும் கல்வியாண்டின் சேர்க்கைக்கு ஒரு வாரம் முன்னதாக, விருப்பமுள்ள மாணவர் அனைவரையும் அழைத்து, ஒரு கிளைடரை அவர்கள் கையில் கொடுத்து எறியச் செய்து, அது ஏன் விழுந்தது என்று கேட்குமாறு வேண்டுகிறேன். விடை சரியா தவறா என்பதைவிட, மறுபடியும் எறிய யார் முன்வருகிறார்கள் என்பதைப் பெயர்ப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
விமானப் பிரிவின் முன்னாள் மாணவன்