வீட்டுப் பிரசவம்: புறப்படும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீட்டிலேயே குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பும் இளம் தம்பதியர் சிலரை சிங்கப்பூரில் நம் சமூகத்திலும் காண்கிறோம். பிரசவ அறையில் நெடுங்காலம் தாதியாக இருந்த நான் அந்த விருப்பத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால், எந்தெந்த நிலையில் மருத்துவமனைக்குப் புறப்படுவது என்பதை வலி கண்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தில் சிக்கல் குறைந்த கர்ப்பிணிகளைப் பற்றி 2011ல் வெளியான பெரிய ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்டிருந்த தலைப்பிரசவப் பெண்களில் 100க்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். முன்பே குழந்தை பெற்றவர்களில் அது 100க்கு 12தான். மாற்றியதற்கு மிகப் பொதுவான காரணம் பிரசவம் மெதுவாக நகர்ந்ததே. அங்கே அரசாங்கச் சேவையைச் சேர்ந்த தாதியரே வீட்டுக்கு வருகிறார்கள். அத்தகைய பொதுச் சேவை இல்லாத நாம் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

பனிக்குட நீர் பச்சையாக வடிந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அந்த நீர் நுரையீரலுக்குள் போனால் பிறந்தவுடன் மூச்சுத் திணறக்கூடும். குழந்தையின் இதயத்துடிப்பு மாறினாலும், தாய்க்குக் காய்ச்சலோ இரத்த அழுத்தமோ ஏறினாலும், பிறந்தபின் நஞ்சுக்கொடி வராமல் தங்கினாலும், இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும் தாமதிக்கக்கூடாது. தொப்புள்கொடி முந்தி வெளியே நழுவிவிட்டால், தாயை முழந்தாளிட்டு, மார்பு தரையை ஒட்டவும் இடுப்பு உயரவும் குனியவைத்து, அந்தக் கணமே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கவேண்டும்.

நம் வீடுகளின் அமைப்பையும் நினைத்துப் பார்க்கவேண்டும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் சிலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்பதில்லை; நிற்கும் இடங்களிலும் தூக்குப்படுக்கையை முழுதாக நீட்டிவைக்க இடம் போதாத சிறிய மின்தூக்கிகள் உண்டு. இரண்டு வலிகளுக்கு இடையே தாய் தானே நடந்து மின்தூக்கி வரை வரக்கூடிய நேரத்திலேயே கிளம்புவது எவ்வளவோ மேல்.

அந்த நேரத்தில், “தலை தெரியப்போகிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பினால்தான் சொல்வார்கள். தாதி “கிளம்புங்கள்” என்றால் மறுபேச்சு இல்லை என்று குடும்பமே முன்னதாக ஒப்புக்கொள்ளவேண்டும். வீட்டில் பெற முடியவில்லையே என்று பின்னர் குமைந்த தாய்மார்களை நான் அறிவேன். அவர்கள் வருந்த ஒன்றுமில்லை. காலத்தோடு மருத்துவமனைக்கு மாறியதும் நல்ல திட்டத்தின் ஒரு பகுதிதான்.

வீட்டில் பெறத் திட்டமிடுபவர்களும் ஒரு மருத்துவமனையில் முன்கூட்டியே பதிந்து, பரிசோதனைக் குறிப்புகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கவேண்டும். கர்ப்பகால வகுப்புகளில் இந்த அறிகுறிகளைத் தமிழிலும் விளக்க மருத்துவமனைகள் முன்வர வேண்டுகிறேன். பிரசவத்தின்போது உடனிருக்கப்போகும் பாட்டிமாரையும் அவ்வகுப்புகளுக்கு அழைக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஈசூன்