வியாழக்கிழமை வா

பாலக்கோடு

அன்புள்ள செல்வி,

போனில் இதையெல்லாம் பேசினால் பக்கத்தில் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அதனால்தான் கடிதம். இங்கே தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. அதை விடு.

போன வாரம் சின்னவளுக்கு எச்.பி.வி. ஊசி போட்டுவிட்டு வந்தேன், கர்ப்பப்பை வாய்ப் புற்றைக் கொண்டுவருகிற கிருமியைத் தடுக்கிற ஊசி. புனேயில் செய்கிற செர்வாவேக். 14 வயசுப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ஒதுக்கினார்கள். இவளுக்கு 13தான், காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த டோஸ் ஆறு மாதம் கழித்து. 15 ஆகிவிட்டால் மூன்று ஊசி என்றார் டாக்டர். உன் மகளுக்கு ஆவணியில் 15 பிறக்கிறதே, அதற்குள் முதல் ஊசியைப் போட்டுவிடு.

மாமியார் ஒரே ரகளை. "வயசுக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகல, அந்த இடத்து நோய்க்கு இப்பவே ஊசியா? ஊரு என்ன நெனைக்கும்?" கிருமி உடலுறவில் தொற்றுவது என்று சொல்லி நாத்தனார் வேறு எண்ணெய் ஊற்றினாள். தொற்றுவதற்கு முன்னால் போட்டால்தானே தடுக்கும், வந்த கிருமியை இந்த ஊசி விரட்டாது. "தட்டம்மை ஊசி போட்டப்ப ஊரு என்ன நெனைச்சுது அத்தை?" என்று கேட்டேன். பதில் இல்லை.

எனக்குப் பெரியக்கா ஞாபகம். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் கழித்துத் திரும்பவும் ரத்தம் பட்டது. துணியைத் தானே துவைத்து, யார் கண்ணிலும் படாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் காயப்போட்டாள். கொடியில் காயாத அந்தத் துணிகளை நான் பார்த்தேன், செல்வி. பார்த்தும் கேட்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று தெரிந்தபோது முற்றிவிட்டது. கிருமி புற்றாக மாற 15, 20 வருஷம் எடுக்குமாம். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவளை யாரும் பரிசோதிக்கவில்லை.

நம் இருவருக்கும் ஊசி வயசு தாண்டிவிட்டது, பரிசோதனைதான் வழி. ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் மாதிரி ஒன்றைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்கிறார்கள். வெளுத்தால் மேற்கொண்டு சோதனை. நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், நான்தான் வேலை இருக்கிறது என்று நழுவினேன். மகளுக்கு வக்காலத்து வாங்கியவளுக்கு, தன் முறை வரும்போது வெட்கம்!

வியாழக்கிழமை ஓசூரில் காலை பஸ் ஏறு, ராயக்கோட்டை வழியாக வந்துவிடலாம். இருவருமாகப் போவோம். மதியத்துக்குக் களியும் கீரைக் கடைசலும் செய்து வைக்கிறேன்.

உன்,
மல்லிகா