தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கழிவுநீர் லாரிக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டைக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதிப் பழகிய கை, வீட்டுக் கணக்கையும் விடுவதில்லை. அந்த நோட்டைப் புரட்டினால், 2019 முதல் 2023 வரை செப்டிக் டேங்குக்கென்று ஆறு தடவை லாரி வந்திருக்கிறது. முதல் தடவை 1,800 ரூபாய். கடைசித் தடவை, 2023 டிசம்பர் பெருமழை முடிந்த வாரம், 4,500 ரூபாய். மொத்தம் 14,700. வீட்டில் இருப்பதோ மூன்றே பேர்.

ஒவ்வொரு தடவையும் நடந்தது ஒன்றுதான். கழிவறையில் தண்ணீர் இறங்கச் சுணங்கும். லாரித் தம்பி வந்து மூடியைத் தூக்கிப் பார்த்து, "நெறஞ்சு நிக்கி ஆச்சி" என்பான். நானும் எட்ட நின்று பார்ப்பேன். கறுப்பாகத் தண்ணீர் நிற்கும். பணத்தை எடுத்துக் கொடுப்பேன்.

2024 ஆனி மாதம் மறுபடியும் அதே சுணக்கம். கட்டட வேலை பார்க்கும் என் தம்பி மகன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். "அத்தை, செப்டிக் டேங்க் எப்பவும் நெறைஞ்சுதான் இருக்கும். வெளியே போற குழாய் மட்டத்துக்குத் தண்ணி நின்னாதான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். அடியில கசடு எவ்வளவுன்னு பாருங்க" என்றான். லாரித் தம்பி சொன்னதும் பொய்யில்லை. எந்த நாள் திறந்து பார்த்தாலும் அதையே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

எட்டடிச் சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து அதன் கீழ்ப்பாதியில் சுற்றிக் கட்டினான். மூடி வழியாகத் தரை தட்டும்வரை மெதுவாக இறக்கி, ஐந்து நிமிடம் விட்டுத் தூக்கினான். அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தார் அப்பியது போலக் கறுப்பு. அதுதான் கசடு. அதற்கு மேலே துணி தேயிலைத் தண்ணீர் நிறத்தில் நனைந்திருந்தது. நீர் நிற்கும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கசடு ஏறினால்தான் லாரி வேண்டும். எங்கள் தொட்டியில் நீர் ஐந்தடி. அதில் மூன்றில் ஒரு பங்கென்றால் இரண்டு சாணுக்கு மேல். அப்படியென்றால் நான் இத்தனை வருஷமும் பெரும்பாலும் தண்ணீரை அள்ளத்தான் பணம் கொடுத்திருக்கிறேன். அடிக்கசட்டை உறிஞ்சினார்களா என்பதே சந்தேகம். (கம்பு விடும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. முகத்தைத் திறப்புக்கு மேலே கொண்டுபோகவும் கூடாது. விஷவாயு இருக்கும்.)

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஃப்ளஷ் டேங்கில் வாஷர் தேய்ந்து இரவு பகலாக நூல் போலத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு வாஷிங் மெஷின் தண்ணீரும் செப்டிக் டேங்குக்கே போயிற்று. இவ்வளவு தண்ணீர் வந்தால் கசடு அடியில் படிய நேரம் கிடைக்காது. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குக் கலங்கலாகவே போய் மண்ணை அடைத்துவிடும். பிறகு வீட்டுக்குள் சுணங்காமல் என்ன செய்யும்? வாஷர் 60 ரூபாய். மெஷின் தண்ணீரை வாழைக்குத் திருப்பக் குழாயும் கூலியும் 850. அதற்குப் பிறகு இன்றுவரை லாரி வரவில்லை.

இதற்கிடையில் தொட்டியில் போட்டால் கசடைக் கரைக்கும் நுண்ணுயிர் என்று பொடி விற்றவரிடம் இரண்டு பொட்டலம் 700 ரூபாய்க்கு வாங்கிய புத்திசாலியும் நான்தான். மலத்தில் இல்லாத நுண்ணுயிரா அந்தப் பொட்டலத்தில் இருந்துவிடப் போகிறது? இருக்கிறதையும் ஆசிட் ஊற்றிக் கொல்லாமல் இருந்தால் போதும். பக்கத்து வீட்டில் மூடிக்கு மேலேயே டைல்ஸ் பதித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் உடைத்துப் பதிக்கும் செலவு லாரி வாடகையைத் தாண்டுகிறது.

ஒரே ஒரு சிக்கனம் மட்டும் வேண்டாம். "ரெண்டு ஆளு உள்ள இறங்குனா பாதி ரேட்டு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இப்படி உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அது தெரிந்தும் பேரம் பேசுகிறவர்களை என்ன சொல்ல.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான். மீதி உள்ளாட்சி கையில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்து வாய் என்ற சிறிய நகரத்தில், நகராட்சி ஏற்பாட்டில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் முறை வைத்துக் காலி செய்கிறார்கள். செலவுக்கு வரியோடு சேர்த்து வருஷந்தோறும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள். தெருத் தெருவாகப் போனால் லாரிக்கும் அலைச்சல் மிச்சம். மழை நேரத்தில் கேட்டதைக் கொடுக்கும் கட்டாயம் நமக்கும் இல்லை. அள்ளியதை இருட்டில் ஓடையில் திறந்துவிடும் வேலையும் குறையும். எங்கள் பகுதியிலும் இதைச் செய்தால் வீட்டுவரியோடு நூறு இருநூறு கூடக் கட்ட நான் தயார். அது உடனே முடியாதென்றால், உரிமம் பெற்ற லாரிகளின் பட்டியலையும் ஒரு நடைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தையும் அலுவலக வாசலில் எழுதி ஒட்டட்டும். பணம் வாங்கினால் ரசீது கொடுக்கச் சொல்லட்டும்.

இந்த ஆடியில் கம்பு விட்டுப் பார்த்தபோது கறை ஒன்றரைச் சாண். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் எனக்கு நிஜமாகவே லாரி தேவைப்படும். அதற்குள் அந்தப் பட்டியலை ஒட்டினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தென்காசி மாவட்டம்.